குழாயைத் தின்னாத அமிலம்

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிப்போம். பாறையைக் கரைக்கணும், ஆனா பக்கத்துல இருக்கிற இரும்பைத் தொடக்கூடாது. அப்படி ஒரு அமிலம் கிடைக்குமா?

1896. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் லைமா நகரம். ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் வேதியியலாளர் ஹெர்மன் ஃப்ராஷ் ஒரு காப்புரிமை வாங்குகிறார். அங்கே எண்ணெய் சுண்ணாம்புப் பாறைக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊத்தினா பாறை கரைஞ்சு எண்ணெய்க்கு வழி விடும். ஐடியா பிரமாதம்! ஆனா கிணத்துக்குள்ள இருக்கிறதெல்லாம் இரும்புக் குழாய். அதையும் அமிலம் விட்டு வைக்காது. அந்த முறை சுமார் 30 வருஷம் கிடப்பில் கிடந்தது.

இத்தனைக்கும் 1872-லேயே மாரங்கோனி, ஸ்டெஃபனெல்லி என்ற இருவர் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார்கள். அமிலத்தில் பசை, ஜெலட்டின், தவிட்டுச் சாறு கலந்தால் இரும்பு அரிப்பது குறைகிறது. எஃகு ஆலைகளிலும் அமிலத் தொட்டியில் இப்படி எதையாவது கலப்பது வழக்கமாச்சு.

1932 பிப்ரவரி, மிச்சிகன். டவ் கெமிக்கலும் ப்யூர் ஆயிலும் சேர்ந்து ஒரு கிணற்றில் 500 கேலன் அமிலம் இறக்கின. குழாயைக் காப்பாற்ற அதில் கலந்தது ஆர்சனிக். வத்திப்போன கிணறு மறுபடி எண்ணெய் கொடுத்தது. பெரிய வெற்றிதான். ஆனா ஆர்சனிக் விஷம். அமிலமும் இரும்பும் சேரும் இடத்தில் அதிலிருந்து ஆர்சின் என்ற கொடிய வாயு வரலாம். எண்ணெயோட கலந்து சுத்திகரிப்பு ஆலைக்குப் போனா, அங்கே வினையூக்கியையும் கெடுத்துடும். நம்ம பாஷையில சொன்னா, ஒரு பக்கை சரி பண்ணப் போட்ட பேட்ச் வேற மாட்யூலை உடைச்சிடுச்சு.

அதுக்கு மாற்றா வந்தவைதான் கரிமச் சேர்மங்கள்: அமீன்கள், நான்கிணைய அம்மோனியம் உப்புகள், ப்ரொப்பார்ஜில் ஆல்கஹால். நைட்ரஜனிடம் இருக்கும் தனி எலக்ட்ரான் ஜோடி, முப்பிணைப்பின் எலக்ட்ரான்கள் மாதிரியான பிடிகள் வழியா இவை இரும்பின் மேல் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய ஒரு படலம், அவ்வளவுதான். அமிலத்தோட வீரியம் அப்படியே இருக்கும், பாறை கரையும். இரும்பு அரிப்பு முழுசா நிக்காது, ஆனா ரொம்பவே குறையும்.

கதை முடிஞ்சுதான்னா, இல்லை. ப்ரொப்பார்ஜில் ஆல்கஹாலும் நச்சுதான். அந்தக் குழாய்களுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் மனிதர்கள். அதனால இன்னைக்கு ஆய்வகங்களில் இலைச்சாறு, பழத்தோல் சாறு எல்லாம் சோதிக்கிறாங்க. 1872-ன் தவிட்டுச் சாறு ஞாபகம் இருக்கா? சுத்திச் சுத்தி அங்கேயே வந்து நிக்கிறோம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்!