ஹஷிமோட்டோ கண்ட கழலையும் அதன்பின் எழுந்த வினாவும்

கழுத்தின் முன்புறத்தே வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்திருப்பது தைரொயிட்டுச் சுரப்பி. அது வீங்கிப் புடைப்பதைக் கழலை என்பர். கழலைகள் யாவும் ஓரினத்தன அல்ல என்பதை மருத்துவ உலகு தெளிய நெடுங்காலம் சென்றது.

1912ஆம் ஆண்டில், யப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்துச் சத்திரசிகிச்சை வைத்தியர் ஹகாரு ஹஷிமோட்டோ, நான்கு பெண்களிடமிருந்து அகற்றப்பட்ட கழலைகளை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து, ஜேர்மன் மொழியிலே நீண்ட கட்டுரையொன்றை வெளியிட்டார். அச்சுரப்பிகளில் நிணநீர்க் கலங்கள் திரள்திரளாய்க் குழுமியிருந்தன. இது தனியொரு நோய் என அவர் துணிந்தார். பலரோ, முன்னர் அறியப்பட்ட வேறொரு நோயின் முதற்படியே இஃதென்றனர். சொந்த ஊருக்குத் திரும்பி வைத்தியம் புரிந்த ஹஷிமோட்டோ, 1934இல் காலமானார்.

நோயின் மூலம் 1956இல் வெளிப்பட்டது. இலண்டனில் ரொயிற், டோனியாக் முதலியோர், நோயாளரின் குருதியிலே அவர்தம் தைரொயிட்டுப் புரதத்தையே எதிர்க்கும் பிறபொருளெதிரிகளைக் கண்டனர். உடலைக் காக்கவேண்டிய ஆற்றலே உடலைத் தாக்கியது. வேலியே பயிரை மேய்ந்தது.

அதற்கு ஓராண்டு முன்னரே, 1955இல், அமெரிக்காவில் டெய்லி, லின்ட்சே முதலியோர் மற்றொரு வினாவை எழுப்பியிருந்தனர். இந்நோயுற்ற சுரப்பிகளிலே புற்றுநோயும் உடனிருக்கக் கண்ட அவர்கள், இரண்டிற்கும் தொடர்புண்டெனக் கருதினர். நெடுநாள் அழற்சி புற்றுநோயைப் பிறப்பிக்கின்றதா? அன்றிப் புற்றுநோயே நிணநீர்க் கலங்களைத் தன்பால் ஈர்க்கின்றதா? இன்றும் இவ்வழக்கு முற்றாகத் தீரவில்லை.

தீராமைக்குக் காரணம், யாரை எண்ணுகிறோம் என்பதிலே உள்ளது. அறுத்தெடுத்த சுரப்பிகளை ஆராய்ந்தோர் தொடர்பினை மிகுதியாகக் கண்டனர். ஆனால், ஐயத்துக்குரிய கட்டி உள்ளவர்களே பெரும்பாலும் சத்திரசிகிச்சைக்கு அனுப்பப்படுகின்றனர். நுண்ணூசியால் கலங்களை எடுத்துச் சோதித்த ஆய்வுகள் பலவற்றிலோ, அத்தொடர்பு அவ்வளவு வலிதாகத் தோன்றவில்லை. மேலும், இவ்வழற்சியோடு கூடிய பப்பிலரி வகைப் புற்றுநோய் குறைவாகப் பரவுவதாகவும், நோயாளர் நன்கு தேறுவதாகவும் பல ஆய்வுகள் காட்டின. தைரொயிட்டில் தோன்றும் நிணநீர்ப் புற்றுநோயோ இவ்வழற்சியுடன் உறுதியாகத் தொடர்புடையது. ஆயினும் மிக அரிது.

ஆதலால் ஹஷிமோட்டோ நோய் உண்டென்றறிந்தவர் புற்றுநோய் வந்துவிட்டதென்று கலங்கவேண்டுவதில்லை. அந்நோயினால் வந்த வீக்கந்தானே என்று, கழுத்தில் புதிதாய்த் தோன்றும் கட்டியைப் புறக்கணித்தலும் தகாது. ஒன்றாய்த் தோன்றிய கழலைகளை வேறுபிரித்தறிந்ததே ஹஷிமோட்டோவின் பெருமை. அச்சத்தையும் ஆபத்தையும் வேறுபிரித்தறிவது அவர் வழிவந்தோர்க்கு உரிய கடமையாகும்.