பாதையில்லா நிலத்தில் வழிகாட்டிக் கருவிகள்

தார்ச்சாலையோ கைபேசிக் கோபுரமோ இல்லாத நிலத்தில் வண்டியில் செல்வோர் பயன்படுத்தும் வழிகாட்டிக் கருவிகளின் வரலாறு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கொண்டது. அது பெரும்பாலும் பாலைவனங்களில் நடந்த வரலாறு. இக்கருவிகள் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது. நான் எங்கே இருக்கிறேன் என்பது முதல் கேள்வி. எனக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பது இரண்டாவது. முதல் கேள்வி இன்று தீர்ந்துவிட்டது என்றே சொல்லலாம். இரண்டாவது தீரவில்லை. பாலைவனத்தில் நேர்ந்த விபத்துகள் பல, முதல் கேள்விக்குக் கிடைத்த விடையையே இரண்டாவதற்கும் விடையாக எடுத்துக்கொண்டதால் நேர்ந்தவை.

எகிப்தில் பணியாற்றிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரால்ஃப் பாக்னால்ட் 1920களின் இறுதியில் நண்பர்களுடன் ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்துக்குள் சென்றார். காந்தத் திசைகாட்டி காருக்குள் சரியாக வேலை செய்யவில்லை. வண்டியின் இரும்பு அதன் முள்ளைத் திருப்பியது. சரியான திசை தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தி, இறங்கிச் சற்றுத் தொலைவு நடந்து பார்க்க வேண்டும். இதற்கு மாற்றாகப் பாக்னால்ட் ஒரு சூரியத் திசைகாட்டியை வடிவமைத்தார். பாகைகள் குறித்த வட்டத் தட்டு, நடுவில் செங்குத்தாக ஓர் ஊசி. ஊசியின் நிழலையும் அப்போதைய நேரத்தையும் கொண்டு ஓடும் வண்டியிலேயே திசையைப் பிடிக்கலாம். கோடைகாலத்து நண்பகலில் மட்டும் நிழல் குறுகிவிடுவதால் கருவி பயன்படாது.

பகலில் திசையும் வண்டி ஓடிய தூரமும் கணக்கு. இரவில் தியோடலைட் கொண்டு விண்மீன்களை அளந்து அந்தக் கணக்கைத் திருத்தினர். நெடுங்கோட்டைக் கணிக்கத் துல்லியமான நேரம் வேண்டும். கடிகாரம் 4 வினாடி பிழைத்தால் அந்தப் பாலைவனத்தில் இடம் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் தவறிவிடும். வானொலி நேரக்குறிப்பைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்தனர். ஆகவே பாலைவன வழிகாட்டலுக்குள் நுழைந்த முதல் மின்னணுக் கருவி வானொலிப் பெட்டி எனலாம். 1940இல் பாக்னால்ட் உருவாக்கிய நெடுந்தூரப் பாலைவனப் படை இம்முறையையே பின்பற்றியது. தம் இடத்தை அறிந்த அவர்களிடம் இருந்த வரைபடமோ பெரும்பகுதி வெற்றுத்தாள். அதை அவர்களே அளந்து நிரப்ப வேண்டியிருந்தது.

ஜி.பி.எஸ். அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 1978இல் ஏவப்பட்டது. 1989இல் மெஜெல்லன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த கையடக்கக் கருவியின் விலை ஏறத்தாழ 3000 டாலர். இந்தப் புதிய கருவியின் பெருஞ்சோதனை 1991 பிப்ரவரியில், வளைகுடாப் போரில் நடந்தது. அமெரிக்கக் கூட்டணிப் படைகள் அடையாளங்களற்ற பாலைவனத்தின் மேற்குப் பக்கமாகச் சுற்றிச் சென்று இராக்கியப் படையைத் தாக்கின. அப்போது முழுத் தொகுதிச் செயற்கைக்கோள்கள் இல்லை. நாளின் சில நேரங்களில் கருவியால் இடத்தைச் சொல்ல முடியவில்லை. ராணுவத்துக்கென்றே செய்த கருவிகளும் போதவில்லை. கடைகளில் கிடைத்த பொதுமக்கள் கருவிகளை வாங்கிப் படைக்குக் கொடுத்தனர். பொதுமக்கள் கருவிகளுக்குக் கிடைக்கும் அலையில் ஏறத்தாழ 100 மீட்டர் பிழையை அமெரிக்க அரசு வேண்டுமென்றே சேர்த்து வைத்திருந்தது. தன் வீரர்களுக்காகவே அந்தப் பிழையை அப்போது நீக்க வேண்டிவந்தது. பின்னர் மீண்டும் சேர்க்கப்பட்ட அது, 2000 மே மாதத்தில் நிலையாக நீக்கப்பட்டது.

அதன்பின் கருவிகள் மலிந்தன, கைபேசிக்குள்ளும் வந்தன. கைபேசிக்குச் சிக்னல் இல்லையென்றால் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்று பலர் நினைக்கின்றனர். அப்படி அல்ல. இடத்தைச் சொல்வது செயற்கைக்கோள், கோபுரம் அல்ல. கோபுரத்தின் உதவி இல்லாவிட்டால் முதல்முறை இடம் காணச் சில நிமிடங்கள் கூடுதலாகலாம், அவ்வளவே. இணையம் வழியாக வருவது வரைபடம். முன்கூட்டியே அதைப் பதிவிறக்கி வைக்காதவரின் திரையில் வெற்றுப் பரப்பும் நடுவில் ஒரு நீலப் புள்ளியும்தான் இருக்கும். பாக்னால்டின் வெற்றுத்தாளுக்கே திரும்பியதுபோல.

வரைபடம் இருந்தாலும் அது பிழைபட்டிருக்கலாம். 2012இல் ஆப்பிள் வரைபடம் ஆஸ்திரேலியாவின் மில்டுரா நகரத்தை அதன் உண்மையான இடத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, தண்ணீரில்லாத ஒரு தேசியப் பூங்காவின் நடுவே காட்டியது. நம்பிச் சென்று சிக்கிய பலரை மீட்க வேண்டியிருந்தது. அங்கே வெப்பம் 46 பாகை வரை ஏறக்கூடும் என்று விக்டோரியா மாநிலக் காவல்துறை எச்சரித்தது. கலிஃபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் கைவிடப்பட்ட சுரங்கப் பாதைகளையும் கருவிகள் சாலையெனக் காட்டின. 2009 ஆகஸ்டில் அங்கே வழிதவறிய வண்டியில் இருந்த சிறுவன் ஒருவன் இறந்தான். இந்த இடங்களில் காகித வரைபடத்தையும் உடன் வைத்துக்கொள்வது பழமை விரும்பிகளின் பிடிவாதம் அல்ல.

வெப்பம் கருவியையும் தாக்கும். ஐஃபோனை 35 பாகை வரையான சூழலில் பயன்படுத்தும்படி அதன் நிறுவனமே சொல்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் பொருத்திய கைபேசி அணைந்துபோவது பாலைவனத்தில் வழக்கமானது. மாற்றக்கூடிய பேட்டரியும் பொத்தான்களும் கொண்ட தனி ஜி.பி.எஸ். கருவி இன்னும் விற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது கேள்வியும் ஒன்று உண்டு. நான் இருக்கும் இடம் மற்றவருக்குத் தெரியுமா? 1982 ஜனவரியில் பாரிஸ்-டக்கார் பந்தயத்தில் பிரிட்டிஷ் பிரதமரின் மகன் மார்க் தாட்சர் அல்ஜீரியப் பாலைவனத்தில் ஆறு நாட்கள் காணாமல் போனார். பாதையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் விலகி இருந்த அவரை விமானத் தேடல்தான் கண்டுபிடித்தது. அதே ஆண்டு ஜூனில் கோஸ்பாஸ்-சார்சாட் மீட்பு அமைப்பின் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. இன்று அதன் 406 மெகாஹெர்ட்ஸ் அபாயக் குறிப்பான்கள் சட்டைப்பையில் அடங்குகின்றன. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பவும் பெறவும் உதவும் கருவிகளும் வந்துவிட்டன. இவற்றை வாங்குமுன் செல்லும் நாட்டின் சட்டத்தைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பது குற்றம். செய்திக் கருவிகளுக்கும் அதே கட்டுப்பாடு பொருந்துகிறது. அதை அறியாமல் அவற்றைப் பையில் கொண்டுவந்த வெளிநாட்டு மலையேற்றப் பயணிகள் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கின்றனர்.