கடகத்தின் விலையும் கார் டிக்கியில் தொடங்கின கடையும்

சந்தையில் பனையோலைக் கடகம் வாங்கும்போது நாங்கள் கட்டாயம் விலை குறைச்சுக் கேக்கிறம். அதே கடகம் கொழும்பில் ஏசி போட்ட கடையில், சின்ன அட்டை ஒன்று கட்டித் தொங்கினால், வாய் திறக்காமல் காசைக் குடுத்திட்டு வாறம். செய்தவரிடம் பேரம், விற்பவரிடம் மௌனம். இந்தக் கோணலை நிமிர்த்தப் பார்த்த ஒரு முயற்சியின் கதை இது.

1946இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த எட்னா ரூத் பைலர் புவேர்ட்டோ ரிக்கோவின் லா பிளாற்றா பள்ளத்தாக்குக்குப் போனார். கணவர் மெனோனைட் கிறிஸ்தவர்களின் நிவாரண அமைப்பில் வேலை செய்தவர். அங்கே பெண்கள் துணியில் போட்ட பூத்தையல் அவருக்குப் பிடித்துப்போனது. கைத்திறன் இருந்தது, நல்ல விலைக்கு வாங்கத்தான் ஆளில்லை. கொஞ்சத்தை ஊருக்குக் கொண்டுவந்து தெரிந்த பெண்களிடம் விற்று, காசைத் தைத்தவர்களுக்கே அனுப்பினார். கடை எண்டு ஒன்றுமில்லை, கார் டிக்கிதான் கடை.

பிறகு பாலஸ்தீன அகதிப் பெண்களின் குறுக்குத் தையலும் ஹெயிற்றியின் மரவேலையும் சேர்ந்தன. பாலஸ்தீனத் தையலில் கொஞ்சம் நிக்க வேணும். ஒரு பெண்ணின் சட்டையில் இருக்கிற கோலத்தைப் பார்த்தே அவள் எந்தப் பகுதி எண்டு சொல்லக்கூடிய மரபு அது. 1948இல் ஊர்கள் பறிபோன பிறகு, அந்தக் கோலங்கள் குஷன் உறையிலும் மேசைவிரிப்பிலும் ஏறி, அந்த ஊர்களை அறியாதவர்களின் வீடுகளுக்குப் போயின. இடம்பெயர்ந்து பார்த்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1962இல் நிவாரண அமைப்பே இந்த வேலையைப் பொறுப்பெடுத்தது. 1996இல் அது ‘டென் தவுசண்ட் வில்லேஜஸ்’ எண்டு பெயர் மாறியது. இங்கிலாந்தில் ஒக்ஸ்பாம், ஹொங்கொங்கில் இருந்த சீன அகதிகள் செய்த ஊசிமெத்தைகளை விற்றுத் தன் பாதையைத் தொடங்கியது.

இலாபம் எடுக்காத கடைகள் எண்டதை விட, எங்களுக்கு முக்கியமாகப் பட்டது வேற ஒன்று: முற்பணம். கைவினைப் பொருளுக்கு ஓடர் கொடுத்தால், செய்பவர் கேட்கும்போது பாதிக் காசையாவது வட்டியில்லாமல் முன்கூட்டியே கொடுக்க வேணும் எண்டது உலக நியாய வர்த்தக அமைப்பின் விதி. பொருள் விற்குமோ விற்காதோ எண்ட பயத்தை வாங்குபவரும் சுமக்கிறார். நூலுக்கும் சாயத்துக்கும் கடன்பட்டு, கடன் குடுத்தவரிடமே வந்த விலைக்கு விற்கிற நிலை அங்கேதான் உடைகிறது.

ஆனாலும் கடை தூரத்தில் இருந்தால் ஆபத்தும் தூரத்தில் இருந்தே வரும். 2020இல் அந்த நிறுவனத்தின் கனடாப் பிரிவு மூடப்பட்டது. அங்கே ஒரு கதவு சாத்தினால், எங்கேயோ ஒரு கிராமத்தில் ஓடர் நிக்கும். என்ன நிறம், என்ன அளவு எண்டதையும் வாங்குபவரின் வரவேற்பறைதான் தீர்மானிக்குது.

எங்கட பக்கம் பனை அபிவிருத்திச் சபை 1978இல் வந்தது. அது அரச நிறுவனம், கதை வேற. ஆனால் இழைக்கிற கைகளுக்கு முன்னால் நிக்கிற கேள்வி ஒன்றுதான்.

போன முறை பெட்டி இழைக்கிற ஒரு அம்மாவிடம், “இதுக்கு எத்தினை நாள் அம்மா?” எண்டு கேட்டம். சிரிச்சா. ஓலையைக் காயவைக்கிறது, வார்றது, சாயம் போடுறது ஒன்றையும் அவ கணக்கில் சேர்க்கேல்லை. இழைச்ச ரெண்டு பின்னேரத்தை மட்டும் சொன்னா. அந்த ரெண்டு பின்னேரத்துக்குத்தான் விலையும் சொன்னா.