பச்சைச் செங்கல்லும் கணிப்பொறியும்

சாகாமக் குளத்தின் கீழுள்ள வயல்களில் விளையும் நெல், அரிசியோடு வைக்கோலையும் உமியையும் தருகின்றது. அவற்றோடு களிமண்ணையுஞ் சேர்ப்பின் ஒரு வீட்டின் சுவருக்கு வேண்டிய பொருள் பெரும்பாலும் நிறைவுறும். வரிச்சுக் கட்டி மண் அப்பியும், சூளையேறாத பச்சைச் செங்கல்லை அடுக்கியும் வீடமைத்த நம் முன்னோர்க்கு இது புதிதன்று. அப்பொருள்களே இக்காலத்தில் இத்தாலி நாட்டில் கணிப்பொறியின் ஏவலால் சுவராகியிருத்தல் வரலாற்று மாணவர் சிந்தித்தற்குரியது.

சுடாத செங்கல்லின் வரலாறு பத்தாயிரம் ஆண்டுகட்கும் மேற்பட்டது. எரிக்கோ நகரின் மிகப் பழைய கற்கள் கையாற் பிடிக்கப்பட்டவை. அவற்றிற்குச் சற்றுப் பிற்பட்டவற்றின் முதுகில், செய்தவர்தம் பெருவிரற் பதிவுகள் இன்றும் தெரிகின்றன. அச்சுச் சட்டம் வந்த பின்னரே ஒரு கல் மற்றொன்றை ஒத்ததாயிற்று. சிந்துவெளி மக்கள் தடிப்பு, அகலம், நீளம் ஆகியவற்றை 1:2:4 என்ற விகிதத்தில் வகுத்தனர். உருவை முன்னரே கணித்து, அதனைப் பிழையின்றித் திரும்பத் திரும்ப ஆக்குவதே பொறியாக்கத்தின் உயிர்நிலை எனின், அதன் முதற்படி அச்சட்டமேயாம்.

ஆயினும் புதிய பொறி செங்கல்லைப் போற்றவில்லை, அதனை நீக்கிவிடுகின்றது. செங்கல்லின் அளவு அதனைத் தூக்கும் கையின் அளவு. கையில்லாத பொறிக்குக் கல் எதற்கு? இடியப்ப உரலிலிருந்து மா இழியுமாறு, பிசைந்த மண் குழாய்வழி இழிந்து, கணினி காட்டிய தடத்தில் வரிமேல் வரியாகப் படிகின்றது. இது செங்கல்லுக்கும் முந்திய முறைக்குத் திரும்புதலேயன்றோ!

மண்கூடு கட்டும் குளவியின் பெயரைத் தாங்கிய 'வாஸ்ப்' என்னும் நிறுவனம், மாஸா லொம்பார்டா என்னும் ஊரில் 2018இல் எழுப்பிய சிறு வீட்டின் கலவையில் நூற்றுக்கு 25 பங்கு அவ்விடத்து மண்; 40 பங்கு நெல் வைக்கோல்; 25 பங்கு உமி; எஞ்சிய 10 பங்கு சுண்ணாம்பு. அவ்வூரிலேயே மாரியோ குச்சினெல்லா குழுவினரின் வடிவமைப்பில் எழுந்த 'தெக்லா' 2021இல் உருப்பெற்றது. சுமார் 60 சதுர மீற்றர்ப் பரப்புடைய அதன் 350 வரிகளையும் 200 மணி நேரத்தில் பொறி படியவைத்தது.

இவ்விரைவை அளவுக்கு மீறி வியத்தல் வேண்டா. மண் உலர்வதற்குத் தன் காலத்தையே கொள்ளும். தெக்லாவின் குவிமாட வடிவமும் நமக்கு ஒவ்வாது. கீழ்க்கரையின் மாரிமழைக்கு உயர்ந்த குந்தும் நீண்ட இறவாரமும் இன்றியமையாதன.

2016இல் வடக்குக் கிழக்கு மாகாணங்களுக்கென 65,000 உருக்கு வீடுகள் திட்டமிடப்பட்டபோது, அவை வெப்பமிகுந்தவை, பழுதுபார்த்தற்கரியன என்று பலர் மறுத்துரைத்தனர். அம்மறுப்பின் உட்கருத்து, வீட்டைத் திருத்தும் வல்லமை அதில் வாழ்வோர் கையில் இருத்தல் வேண்டும் என்பதே. மண் வீட்டிற்கு அது பொருந்தும்: மழை கரைத்த சுவரடியை ஒரு கூடை மண்கொண்டு வீட்டாரே பூசிவிடுவர். பொறி படியவைத்த, சுண்ணாம்பு கலந்த வரிகளில் அப்புதுமண் பற்றி நிற்குமா என்பது சில மாரிகள் கழிந்த பின்னரே தெரியும்.