உரிமையும் விலையும்

உரிமை வேறு, அதனை நுகரும் வசதி வேறு என்பதை ஐக்கிய அமெரிக்காவின் கருத்தடை வரலாற்றிலே நாம் தெளிவாகக் காணலாம்.

1873 ஆம் ஆண்டின் கொம்ஸ்ரொக் சட்டம் கருத்தடைச் சாதனங்களைத் தபாலில் அனுப்புவதையும் குற்றமாக்கிற்று. 1916 இல் புறூக்ளினில் ஏழைப் பெண்களுக்கெனக் கருத்தடை நிலையம் திறந்த மார்கிரட் சாங்கர் சிறை செல்ல நேர்ந்தது. 1960 இல் கருத்தடை மாத்திரை அங்கீகாரம் பெற்றது. 1965 இல் மணமானோருக்கும் 1972 இல் மணமாகாதோருக்கும் உயர் நீதிமன்றம் உரிமையை உறுதிசெய்தது.

எனினும், வாங்க வழியற்றவளுக்கு அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காயே. தொழிலாளரின் மருத்துவச் செலவைப் பெரும்பாலும் தொழில்தருநர் ஒழுங்குசெய்யும் காப்புறுதியே ஏற்கும் அந்நாட்டில், ஏனைய மருந்துகளுக்குப் பணம் செலுத்திய பல திட்டங்கள் கருத்தடையை மட்டும் விலக்கின. 1998 இல் ஆண்களுக்கான வயாகரா சந்தைக்கு வந்ததும் பல காப்புறுதிகள் அதனை விரைந்து ஏற்றன! 2001 இல், சியாற்றிலில் பெண் ஊழியரொருவர் தொடுத்த வழக்கிலே, இவ்விலக்கு பால் அடிப்படையிலான பாகுபாடே எனச் சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், 2012 முதல் பெரும்பாலான திட்டங்கள் கருத்தடையைக் கட்டணமின்றி வழங்கவேண்டியதாயிற்று. ஆயினும் 2014 இலும் 2020 இலும் வந்த தீர்ப்புகள், சமய நம்பிக்கையைக் காட்டித் தொழில்தருநர் விலகிக்கொள்ள வழிதிறந்தன.

முதலாளியின் மனச்சாட்சிக்குக் காவலுண்டு. உழைக்கும் பெண்ணின் உடலுக்கு? மருத்துவம் வேலையோடு பிணைக்கப்பட்டிருக்கும்வரை அவளுரிமை பிறர் தயவிலேயே தங்கியிருக்கும் என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.