அகிலத்திரட்டும் மோசேயும்: எழுதினது யார், எப்போ?

பைபிளோட முதல் ஐந்து புத்தகங்களை யார் எழுதினதுன்னு எங்க ஊர் ஞாயிறு பள்ளியில கேட்டா, "மோசே"ன்னு ஒரே வார்த்தையில பதில் வந்திரும். அதே நாகர்கோவில்ல இருந்து கொஞ்சம் கிழக்க தள்ளி சாமித்தோப்புக்குப் போய், அகிலத்திரட்டு அம்மானையை எழுதினது யாருன்னு கேளுங்க. அங்கயும் பதில் ரெடி: தாமரைகுளம் அரிகோபாலன் சீடர். கார்த்திகை மாசம் 27-ஆம் தேதி. ஆண்டு 1841ன்னு பொதுவா சொல்லுவாங்க. ஆள் உண்டு, ஊர் உண்டு, தேதியும் உண்டு. மோசே பேர்ல உள்ள புத்தகங்களுக்கு இப்படி ஒரு தேதி கிடையாது.

பேரும் தேதியும் கிடைச்சிட்டா கேள்வி முடிஞ்சிரும்னு நினைப்போம். முடியாதுங்கறதுதான் என் கட்சி.

வெளியூர் மக்களுக்காக ஒரு சின்ன முன்கதை. அய்யா வைகுண்டர், இயற்பெயர் முத்துக்குட்டி. 1833 மாசி மாசம் திருச்செந்தூர் கடல்ல இருந்து வைகுண்டரா அவதரிச்சு வந்தார்ங்கறது அய்யாவழி மக்களோட நம்பிக்கை. அப்போ தெற்குத் திருவிதாங்கூர்ல பனையேறிகளுக்கு வரி மேல வரி, பெண்கள் மாரை மறைச்சு மேலாடை போடக்கூடாதுன்னு தடை. சாணார் பெண்கள் மேலாடை போடலாம்னு அரசாங்கம் அறிவிச்சதே 1859-லதான். ராஜாவைக் 'கலிநீசன்'னும் வெள்ளைக்காரனை 'வெண்நீசன்'னும் துணிஞ்சு சொல்லுது அகிலம். வைகுண்டரைப் பிடிச்சுத் திருவனந்தபுரம் கொண்டுபோய்ச் சிறையில வச்சது சுவாதித் திருநாள் அரசாங்கம். இந்தப் பின்னணியில, எழுத்துக்கே உரிமை இல்லன்னு ஒதுக்கி வச்ச சனங்க தங்களுக்குன்னு ஒரு வேதம் எழுதியிருக்காங்க. அதனாலதான் எங்க பக்கம் "யார் எழுதினது" வெறும் ஆராய்ச்சிக் கேள்வி இல்ல.

சரி, அரிகோபாலன் சீடர்தானே எழுதினார்? அவரையே கேட்டா "நான் எழுதல"ம்பார் :-) தூங்கிட்டு இருந்தவரை நாராயணர் எழுப்பி, சொல்லச் சொல்ல எழுத வச்சார்ங்கறதுதான் நூல் தர்ற கணக்கு. அதுக்குள்ள இன்னொரு அடுக்கு: நாராயணர் லட்சுமிக்குச் சொல்ற கதையா நூல் போகுது. அப்போ சொன்னது ஒருத்தர், கேட்டது ஒருத்தர், எழுத்தாணி பிடிச்சது மூணாவது ஆள். "ஆசிரியர்"ங்கற இன்னைய சொல்லை இதுல யார் தலையில கட்ட?

இதுக்கு அப்புறம்தான் சுவாரசியமே. எழுதினது பனையோலையில. (ஓலைக்குப் பஞ்சமில்லாத சனம்லா!) ஓலை என்ன, கருங்கல்லா? பூச்சி அரிக்கும், நுனி ஒடியும், அதனால பார்த்துப் பார்த்து வேற ஓலையில படி எடுக்கணும். 1841-ல எழுதின நூல் அச்சுக்கு வந்தது 1939-ல. நடுவுல 98 வருஷம் கைப்பிரதிதான். தாமரைகுளம் ஏடு, சாமித்தோப்பு ஏடு, பாஞ்சாலங்குறிச்சி ஏடுன்னு பல ஏடுகள். எல்லாத்துலயும் எல்லா வரியும் ஒண்ணுபோல இருக்காது. நம்ம பாஷையில சொன்னா, ஒரே கோடை ஆளாளுக்குக் காப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க, யார் எப்போ எந்த வரியை மாத்தினான்னு லாக் கிடையாது.

இத்தனைக்கும் ஓலை எழுத்துல பொதுவா மெய்க்குப் புள்ளி வைக்க மாட்டாங்க, 'எ'வும் 'ஏ'வும், 'ஒ'வும் 'ஓ'வும் ஒரே மாதிரி இருக்கும். 'கொடு'வா 'கோடு'வான்னு வாசிக்கிறவர்தான் இடம் பார்த்து முடிவு பண்ணணும். படி எடுக்கிறவர் ஒவ்வொருத்தரும் கொஞ்சம் உரையாசிரியரும்தான்.

எபிரேயத்துலயும் இதே கதை. பழைய எழுத்துல பெரும்பாலும் மெய் மட்டும்தான். உயிர்க்குறிகளை மசோரெத்துங்கற அறிஞர்கள் கி.பி. 7-ல இருந்து 10-ஆம் நூற்றாண்டுக்குள்ள சேர்த்தாங்க. அதுவரைக்கும் வாய்வழி வாசிப்புதான் உயிர் கொடுத்திட்டு இருந்திருக்கு.

இன்னொரு ஒற்றுமை இதை விடப் பெரிசு. உபாகமம் 34-ஆம் அதிகாரத்துல மோசே சாகிறார், அடக்கம் நடக்குது, கல்லறை எங்கன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாதுன்னும் சேதி வருது. செத்தவர் இதை எப்படி எழுதினார்? யூத ரபிகளே அந்தக் காலத்துல இதைக் கேட்டிருக்காங்க. கடைசி எட்டு வசனம் யோசுவா எழுதினதுன்னு ஒரு பதில் தல்மூதுல உண்டு. 12-ஆம் நூற்றாண்டுல இபன் எஸ்ரா சூசகமா இன்னும் கொஞ்சம் தூரம் போனார், 1670-ல ஸ்பினோசா போட்டு உடைச்சார்.

அகிலத்துல? வைகுண்டர் வைகுண்டம் போன சேதி நூல்லயே வருது. அது நடந்தது 1851. எழுதினதா சொல்றது 1841. பக்தருக்கு இதுல சிக்கலே இல்ல, நடக்கப்போறதை முன்கூட்டியே சொல்றதுதானே வேதம். என் கணக்குல, அந்தப் பகுதி பின்னால வேற கை சேர்த்ததா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இதைச் சொன்னா சிலருக்குச் சுருக்குன்னு இருக்கும், தெரியும். ஆனா 'இடைச்செருகல்'ங்கறதை ஏன் வசவாவே பார்க்கணும்? அய்யா போன பிறகு அந்தத் துக்கத்தைப் பாட்டுக்குள்ள கொண்டுவந்த ஒரு மனுசன் இருந்திருந்தா, அவரும் எழுதினவர்தான்.

எபிரேய வேதத்துக்கு இந்தக் கைகளை எண்ணிப் பார்த்தவங்க உண்டு. 1753-ல ழான் அஸ்திரூக்னு ஒரு பிரெஞ்சு மருத்துவர் ஆதியாகமத்துல கடவுளுக்கு ரெண்டு பேர் மாறி மாறி வர்றதைப் பிடிச்சார். 1878-ல ஜெர்மனியில வெல்ஹவுசன் அதை நாலு மூலங்கள்னு ஒழுங்குபடுத்தினார். கி.மு. 622 வாக்குல யோசியா ராஜா காலத்துல ஆலயத்துல 'கண்டெடுத்த' சட்டப்புத்தகம்தான் உபாகமத்தோட கருன்னு ஒரு கணக்கு, பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகு குருமார் கைவரிசைன்னு இன்னொண்ணு. இப்போ இந்த நாலு மூலக் கணக்குலயும் ஏகப்பட்ட அடிதடி. கையில பிடிக்கிற சாட்சின்னா, 1979-ல எருசலேம் பக்கம் கேத்தெப் ஹின்னோம்ல கிடைச்ச ரெண்டு குட்டி வெள்ளிச் சுருள்தான். எண்ணாகமம் 6-ல வர்ற ஆசீர்வாதம் அதுல கீறியிருக்கு. கி.மு. 600-ஐ ஒட்டினது.

1947-ல தொடங்கிக் கும்ரான் குகைகள்ல கிடைச்ச சுருள்கள்ல எரேமியா ரெண்டு விதமா இருக்கு. ஒண்ணு இப்போ நம்ம கையில உள்ளது, இன்னொண்ணு கிட்டத்தட்ட எட்டுல ஒரு பங்கு சின்னது, பழைய கிரேக்க மொழிபெயர்ப்போட ஒத்துப்போறது. ரெண்டையும் ஒரே கூட்டம் பத்திரமா வச்சிருந்திருக்கு, எது 'ஒரிஜினல்'னு அடிச்சுக்கிட்ட மாதிரி தெரியல.

கார்த்திகையில சாமித்தோப்புல 17 நாள் ஏடு வாசிப்பு நடக்கும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது திருக்கல்யாண வாசிப்புக்காவது உட்காரணும். அதோட, கிடைக்கிற ஓலைப் படிகளை எல்லாம் ஸ்கேன் பண்ணி, வரிக்கு வரி பக்கத்துல பக்கத்துல போட்டுப் பார்க்கணும்னு ஒரு ஆசை. நிரல் எழுத நான் ரெடி, பழைய ஏட்டெழுத்து வாசிக்கத் தெரிஞ்ச மக்கா யாராவது உண்டுமா?