பழைய காரில் ஒரு ஓட்டை போட்டால் நம்பர் பிளேட் போய்விடுமா? பிரிட்டன் கிளாசிக் கார் விதிகளும், எதிர்ப்பும், மாற்றமும்

40 வருஷத்துக்கு முந்தைய மினி, லேண்ட் ரோவர், எம்.ஜி.பி. கார்களை பொக்கிஷம் போல பாதுகாக்கும் நாடு பிரிட்டன். துருப்பிடித்த பாகத்தை வெட்டி எடுத்து, புது தகடு வைத்து வெல்டிங் செய்து, மறுபடி ரோட்டில் ஓடவிடுவது அங்கே பெரிய தொழில். ஆனால், ‘எவ்வளவு மாற்றினால் அது பழைய கார், எவ்வளவு மாற்றினால் வேறு கார்?’ என்ற கேள்வியில் அரசுக்கும் கார் உரிமையாளர்களுக்கும் பல வருஷமாக மோதல் இருந்தது. அது என்ன மோதல், எப்படி முடிந்தது? பார்க்கலாம்.

8 பாயின்ட் விதி என்றால் என்ன?

பிரிட்டனில் வாகனப் பதிவைக் கவனிக்கும் அமைப்பு டிவிஎல்ஏ. பெரிய அளவில் மாற்றப்பட்ட காருக்கு இந்த அமைப்பு 2025 ஆகஸ்ட் வரை மார்க் போட்டு வந்தது.

* சேஸிஸ் அல்லது பாடி ஷெல் – 5
* சஸ்பென்ஷன் – 2
* ஆக்ஸில்கள் – 2
* கியர்பாக்ஸ் – 2
* ஸ்டீயரிங் – 2
* இன்ஜின் – 1

மொத்தம் 14. இதில் குறைந்தது 8 மார்க் கிடைத்தால்தான் பழைய பதிவு எண் நீடித்தது. சேஸிஸுக்கான 5 மார்க் கட்டாயமாக இருந்தது. ஒரிஜினல் சேஸிஸ் இல்லாவிட்டால், அதே மாடலுக்கு செய்யப்பட்ட, எந்த மாற்றமும் செய்யாத புது சேஸிஸாக இருக்க வேண்டியிருந்தது. பில்லும் காட்ட வேண்டியிருந்தது.

மார்க் குறைந்தால்? காரை தனி வாகன ஒப்புதல் சோதனைக்கு கொண்டுபோக வேண்டியிருந்தது. அதில் பாஸ் ஆனாலும் ‘க்யூ’ என்று தொடங்கும் நம்பர்தான் கிடைத்தது. வயதோ அடையாளமோ உறுதியாகாத வண்டி என்று அதற்கு அர்த்தம்.

நம்பர் மாறினால் என்ன நஷ்டம்?

வெறும் கௌரவப் பிரச்னை இல்லை இது. பிரிட்டனில் 40 வயது தாண்டிய கார்களுக்கு சாலை வரி விலக்கு உண்டு. அந்தப் பிரிவில் இருந்தால், லண்டனில் அதிக புகை விடும் கார்களுக்கு விதிக்கப்படும் ஒரு நாளைக்கு 12.50 பவுண்ட் கட்டணமும் கிடையாது. வயதை நிரூபிக்க முடியாத காருக்கு இதெல்லாம் கிடைக்காது. விற்கப் போனால் விலையும் அடிவாங்கும்.

சிக்கல் எங்கே வந்தது?

சேஸிஸில்தான். இதை எலக்ட்ரிக் மாற்றத்தை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். பழைய காரின் பெட்ரோல் இன்ஜினை எடுத்தால் 1 மார்க் போகும். கியர்பாக்ஸையும் எடுத்தால் இன்னும் 2 போகும். மிச்சம் 11, கணக்குப்படி பாஸ்தான். ஆனால் பேட்டரியைப் பொருத்த சேஸிஸில் ஓட்டை போட்டால், அல்லது ஒரு பகுதியை வெட்டினால், ‘சேஸிஸ் மாற்றப்பட்டது’ என்று 5 மார்க்கும் போய்விடும். 11 அப்படியே 6 ஆகிவிடும். கார் ஃபெயில்!

‘சின்ன ஓட்டைக்காக 50 வருஷ வரலாற்றை அழிப்பதா?’ என்பதுதான் உரிமையாளர்களின் கேள்வி.

2017-ல் நடந்த முதல் மோதல்

40 வயது தாண்டிய கார்களுக்கு வருடாந்திர எம்.ஓ.டி. தகுதிச் சோதனையில் இருந்து விலக்கு தர அரசு 2017-ல் முடிவு செய்தது. ஆனால் பெரிய அளவில் மாற்றப்பட்ட கார்களுக்கு விலக்கு கிடையாது. அதை முடிவு செய்ய இந்த 8 பாயின்ட் கணக்கையே பயன்படுத்த வரைவில் சொல்லப்பட்டது. எடைக்கு ஏற்ற இன்ஜின் சக்தி 15 சதவீதத்துக்கு மேல் கூடினாலும் விலக்கு இல்லை என்றும் இருந்தது.

கிளாசிக் கார் கிளப்புகள் இதை எதிர்த்தன. 50 வருஷத்துக்கு முந்தைய காரின் சக்தியை யார், எப்படி அளப்பது என்ற நடைமுறைக் கேள்வி எழுந்தது. கடைசியில் வழிகாட்டுதல் திருத்தப்பட்டது. முக்கிய பாகங்களில் கடந்த 30 வருஷத்துக்குள் பெரிய மாற்றம் செய்யவில்லை என்றால் விலக்கு உண்டு. ஒரிஜினல் பாகம் கிடைக்காததாலோ, பாதுகாப்புக்காகவோ செய்த மாற்றங்கள் கணக்கில் வராது. இது 2018 மே 20-ல் நடைமுறைக்கு வந்தது.

அரசு தரப்பு நியாயம் என்ன?

அதையும் ஒதுக்கிவிட முடியாது. நொறுங்கிப்போன காரின் நம்பரை திருட்டுக் காருக்கு மாட்டி விற்கும் மோசடி அங்கே உண்டு. காரின் அடையாளம் தெளிவாக இருந்தால்தான் வாங்குபவர் ஏமாறமாட்டார், போலீஸும் கண்டுபிடிக்க முடியும். உடம்பையே வெட்டி ஒட்டிய வண்டி ரோட்டில் பாதுகாப்பாக ஓடுமா என்பதும் நியாயமான கவலைதான்.

இப்போது என்ன மாறியது?

2024 மே மாதம் டிவிஎல்ஏ பொதுமக்களிடமும் கிளப்புகளிடமும் கருத்து கேட்டது. அதன் பிறகு, 2025 ஆகஸ்ட் 26 முதல் புதிய விதி வந்துவிட்டது.

* பழையபடியே இருக்கும் மாதிரி பழுது பார்த்தாலோ, புதுப்பித்தாலோ டிவிஎல்ஏவிடம் சொல்லத் தேவையில்லை. ஆனால் தோற்றம் தயாரித்தபோது இருந்தது போலவே இருக்க வேண்டும். பதிவுப் புத்தக விவரங்களும் மாறக்கூடாது.
* கட்டமைப்பில் பெரிய மாற்றம் செய்தால் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். ஆனாலும் பழைய நம்பரும் சேஸிஸ் எண்ணும் நீடிக்கும்.
* எலக்ட்ரிக்காக மாற்றினாலும் இதே சலுகைதான்.

அதாவது, ‘மாற்றினால் அடையாளம் போகும்’ என்பது ‘மாற்றினால் சொல்லிவிடு’ என்று ஆகியிருக்கிறது.

இந்தியாவில் எப்படி?

இங்கே 2021 ஜூலையில் விண்டேஜ் வாகன விதி வந்தது. 50 வயது தாண்டிய, சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளுடன் பதிவு எண் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்கு செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். ஆனால் தினமும் ஓட்ட முடியாது; கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும்தான்.

தாத்தா காலத்து காரை பிரித்துப் போட்டு வேலை பார்க்க நினைப்பவர்கள், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. ஒரிஜினல் பாகங்களின் பில், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோ இரண்டையும் பத்திரமாக வைத்திருந்தால் பின்னால் கைகொடுக்கும்.